பாத பூஜைக்கு ஒரு படம்

புஷ்பவல்லியின் கைபட்டால் யாரும் கறுப்பாக இருக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் வெயிலில் லோரி ஓட்டிச் செத்தவர்கூட எங்கள் கடையை விட்டுப் போகும்போது கோதுமை நிறத்தில்தான் போவார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் முப்பத்தொரு வருஷமாக நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். என் பெயர் மெய்யப்பன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் புஷ்பவல்லி வேலைக்குச் சேர்ந்த பிறகு, புகைப்படத்தை ஓவியமாக மாற்றிக் கொடுக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டோம். கடை அதனால்தான் பிழைத்தது. இதை அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆட்கள் என்ன மாதிரி படம் கொண்டுவருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஐசி அடையாள அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படம். யார் வீட்டு விருந்திலோ வாயில் சோற்றோடு ஓரமாக விழுந்த படம். பத்துப் பேர் போனுக்குப் போய்வந்து மங்கிப்போன படம். அதைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மின்பலகையில் பேனாவால் தீற்றுத் தீற்றாக வரைவாள். முதலில் கண். கண் உட்கார்ந்துவிட்டால் மீதி முகம் தானாக வரும் என்பாள். வரைந்து முடித்ததைக் கித்தான் துணியில் அச்செடுத்து நான் சட்டம் போடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தூரிகை பிடித்து மாதக்கணக்கில் தீட்டியது மாதிரி இருக்கும். இப்போது போனிலேயே ஒரு நொடியில் இதைச் செய்துதர செயலி வந்துவிட்டது. அதில் செய்துபார்த்து, வீட்டுக்காரம்மா "இது யாரு?" என்று கேட்ட பிறகு எங்களிடம் வருவார்கள்.

எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டும். வழுக்கையை மறைக்க வேண்டும். ஒரு மகன் கேட்டான், "அண்ணே, அம்மா கழுத்துல ஒரு அட்டியல் போட்டு விட்டுடுங்க. உசுரோட இருக்கறப்ப போட்டுப் பாக்க முடியல." அவனை எனக்குத் தெரியும். அவனால் முடியாமல் இல்லை, மனசுதான் இல்லை. புஷ்பவல்லி அட்டியலை வரைந்தாள். செத்துப்போன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவது, மூன்று வருஷம் முன்னால் போன அண்ணனைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது, இதெல்லாம் எங்கள் கடையில் பாதி வேலை. பார்க்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. ஓவியத்தில் இருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது போய்ச் சேர்ந்தவராக இருப்பார் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இத்தனை பேர் தோலைச் சரிசெய்தவளுக்குத் தன் தோல் சரியாக அமையவில்லை. வெண்படை. பத்தொன்பது வயதில் உதட்டோரம் ஒரு புள்ளியாக ஆரம்பித்ததாம். எங்கள் கடைக்கு வந்தபோது கண்களைச் சுற்றி, வாயைச் சுற்றி, விரல் நுனிகளில், பாதங்களில் என்று பரவியிருந்தது. தொட்டால் ஒட்டாது. உயிருக்கும் ஒன்றும் செய்யாது. எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் எங்கள் ஆட்கள் டாக்டரையா கேட்கிறார்கள்? அவள் வேலைக்கு வந்த இரண்டாவது வாரம், கையெழுத்துப் போட அவள் நீட்டிய பேனாவை ஓர் அம்மாள் முந்தானையால் பிடித்து வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடையின் நடுவில் பலகை அடித்து இரண்டாகத் தடுத்தேன். "உள்பக்கம் அமைதியா இருக்கும் புஷ்பா. ஏசி குளிரும் கம்ப்யூட்டருக்கு நல்லது" என்றேன். "நல்லதுங்க பாஸ்" என்றாள். ஏசி வெளிப்பக்கம்தான் இருந்தது. பதினான்கு வருஷம் அவள் உள்ளே ஒரு மேசை விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீடு கிள்ளானில், ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில். காலையில் கொம்யூட்டர் ரயிலில் வந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவாள். எவ்வளவு கூட்டமான ரயிலிலும் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். "எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு பாஸ். மந்திரி மரியாத" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்து வைப்பேன்.

கல்யாணம் அவளுக்கு ஆகவில்லை. தங்கைக்கு ஆயிற்று. அந்தத் தங்கை டெங்கிக் காய்ச்சலில் போய்விட, அவள் புருஷன் ஆறே மாதத்தில் ஜோகூரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனான். நான்கு வயதுப் பெண் குழந்தை புஷ்பவல்லியின் மடிக்கு வந்தது. அதுதான் அபிராமி. பெரியம்மா என்று கூப்பிட யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். குழந்தை ஒரு வாரம் பெரியம்மா என்றது, அப்புறம் அம்மா என்று ஆக்கிக்கொண்டது.

முதலாம் வகுப்பில் ஒரு பையன், "உங்கம்மா புள்ளி போட்ட மாடு" என்று சொல்லியிருக்கிறான். அபிராமி அவன் கையைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். புஷ்பவல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். இந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகமெல்லாம் பெருமையாக இருக்கும்.

இன்னொரு கதையும் உண்டு. பன்னிரண்டு வயதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அபிராமி பாத பூஜையைப் பார்த்திருக்கிறாள். முகூர்த்தத்துக்கு முன்னால், பெண் தன்னைப் பெற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றிக் காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டு விழுந்து கும்பிடுவாள். எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும்போது அழாதவர்கள்கூட இதற்கு அழுதுவிடுவார்கள். "என் கல்யாணத்துல உங்க கால மட்டும்தான்மா கழுவுவேன்" என்று அபிராமி அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். புஷ்பவல்லிக்கு வாழ்க்கையில் வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தோலுக்கு வைத்தியம்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அபிராமி நன்றாகப் படித்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் நல்ல வேலை. அங்கேயே லோகேந்திரன் என்ற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். பையன் வீடு பூச்சோங்கில். அவனுடைய அம்மா சந்திரகலா, கோயில் மகளிர் பிரிவில் தலைவி. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அந்த அம்மாளைப் போல அன்பாகப் பேசிக் கழுத்தை அறுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று அவர் புஷ்பவல்லியின் கையைத் தானே எடுத்துப் பிடித்துக்கொண்டாராம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் படிச்சவ. ஆனா எங்க சைடு ஆளுங்க பழைய ஆளுங்க. நாளைக்கு பேரப்புள்ளைக்கு வந்துருமோன்னு பேசுவாங்க" என்றாராம். அடுத்த நாள் இதைச் சொன்ன புஷ்பவல்லி, "கையப் புடிச்சுப் பேசுனாங்க பாஸ்" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். மீதியை அவள் பொருட்படுத்தவில்லை.

கல்யாணம் நடக்கும் டேவான் மண்டபத்தின் வாசலில் வைக்க ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று அபிராமி கேட்டாள். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், இரண்டு பக்கமும் இரண்டு குடும்பமும். புஷ்பவல்லி மூன்று வாரம் அதில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைப் பக்கம் பதினோரு பேர். பெண் பக்கம் ஒரே ஆள், அவள்தான். தன்னை அவள் தானாகவே வரைந்தாள். கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, எல்லாம் அப்படியே இருந்தது. என்னிடம் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், மனதார.

இரண்டு நாளில் அபிராமி கடைக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். நேராகத் தடுப்புக்கு உள்ளே போனாள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"ம்மா, ஒங்க மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலர் ஒண்ணாக்கிடுங்களேன்."

"ஏன்டா?"

"அத்தை கேட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் சரி பண்றாங்க, தனக்கு மட்டும் பண்ணிக்கலயேன்னாங்க. படத்துக்குத்தானம்மா."

புஷ்பவல்லி உடனே சரி என்றுவிட்டாள். பெண்ணுக்காக இது ஒரு பெரிய விஷயமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முகத்தைச் சரிசெய்துவிட்டால் சம்பந்தி வீட்டில் தன் இடம் உறுதியாகிவிடும் என்று நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான். இன்னொன்றும் செய்தாள். வேலையை மிக நன்றாகச் செய்துவிட்டாள்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மாநிறம், ஒரே சீராக. நெற்றியில் பொட்டு. உதட்டில் லேசாகச் சிரிப்பு. நாற்பத்தொன்பது வயதுக்கு உண்டான சுருக்கம் எல்லாம் வைத்திருந்தாள், ஏமாற்றவில்லை. தோல் மட்டும்தான் வேறு. வெண்படை வராமல் இருந்திருந்தால் அவள் இப்படித்தான் இருந்திருப்பாள். அச்செடுத்து விரித்தபோது அவளே அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "யாரோ மாதிரி இருக்கு பாஸ்" என்றாள். பிறகு, "அழகா இருக்கால்ல?" என்று கேட்டாள்.

சந்திரகலா அந்த ஓவியத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார். சம்பந்தியம்மா எவ்வளவு லட்சணம் என்று ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் எழுதினார்களாம். அபிராமி மறுபடி மதிய நேரத்தில் வந்தாள். இந்தத் தடவை கையில் அவித்த கடலைப் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

"ம்மா, எல்லாரும் அந்தப் படத்தப் பாத்துட்டாங்கம்மா. இப்ப நீங்க நேர்ல வந்து நின்னா..."

புஷ்பவல்லி பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மேக்கப் போட்டுக்கறேன்டா. கையுற மாதிரி நீள ஜாக்கெட் தெச்சுக்கறேன்."

"வேர்த்தா வழிஞ்சிடும்மா. கிட்டக்க வெச்சு வீடியோ எடுப்பாங்க. கால் வேற இருக்கு. பாத பூஜைல எல்லாரும் காலத்தான பாப்பாங்க."

"அப்ப பாத பூஜை?"

"நான் விடுவனா? ஒங்களுக்குத்தான் பண்ணுவேன். படத்த வெச்சுப் பண்றேன்மா. நாற்காலில ஒங்க படத்த வெச்சு, அதுக்குப் பண்றேன். சத்தியமா வேற யாருக்கும் பண்ண மாட்டேன். அத்தையும் ஓக்கே சொல்லிட்டாங்க."

எனக்கு உள்ளே போய் அந்தப் பெண்ணைக் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று இருந்தது. போகவில்லை. கடலையைத்தான் தின்றுகொண்டிருந்தேன். அபிராமி நடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் குரல் தழுதழுத்தது. பெரியம்மாவுக்காகத் தான் மாமியாரிடம் போராடி வாங்கி வந்த சலுகை இது என்று அவள் உண்மையாகவே நினைத்தாள்.

அவள் போன பிறகு நான் உள்ளே போனேன். "புஷ்பா, உசுரோட இருக்கற ஆளு படத்த வெச்சு யாராச்சும் பூஜை பண்ணுவாங்களா? செத்தவங்களுக்குல்ல அப்பிடிப் பண்ணுவாங்க?"

"தெரியும் பாஸ்" என்றாள். "மாலை மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். மாலை போடலன்னா சும்மா படம்தான? போடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கா."

மறுநாளிலிருந்து தன் படத்தை வரையத் தொடங்கினாள். நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருக்கும் படம். பட்டுப்புடவை, மடியில் கோத்த கைகள், தரையில் படிந்த இரண்டு பாதங்கள். முகம் ஏற்கெனவே இருந்தது. பாதத்துக்குத்தான் படம் இல்லை. பலகைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் கால்களைத் தானே போனில் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்து, விரல் விரலாக வெள்ளையை மூடினாள். முகத்தை ஒரு நாளில் முடித்தவள், பாதத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நகத்துக்கு மருதாணிச் சிவப்புக்கூட வைத்தாள். நான் தேக்குச் சட்டம் போட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சந்திரகலா எனக்குப் போன் செய்தார். "அண்ணே, படம் என்ன சைஸ் வருது?" என்றார். நாற்காலிக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மூன்றடிக்கு இரண்டடி என்று சொன்னேன்.

கல்யாணம் கிள்ளானில், புஷ்பவல்லி வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷத்தில் ஒரு டேவானில். இரண்டு படங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். வாசல் படத்தை நிறுத்திவிட்டு, மற்றதை மேடைக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு நாற்காலியில் சாய்த்து, விழாமல் இருக்கப் பின்னால் கட்டை கொடுத்தேன். ஒன்பதே முக்காலுக்குச் சந்திரகலா வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் சம்பங்கி மாலை. படத்தின் அளவுக்கே கட்டி வாங்கியிருந்தார்.

"அண்ணே, நீங்க உயரமா இருக்கீங்க. இத மாட்டி விட்டுருங்க."

"அம்மா, ஆளு இருக்காங்களே. இருக்கறவங்க படத்துக்கு எப்பிடிங்க..."

"தெரியும்ணே. வெறும் படமா வெச்சா, ஆளு எங்க, ஏன் வரலன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. மாலை போட்டுட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இல்லாத அம்மாவ வாசப் படத்துலயும் சேத்து வரைஞ்சிருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க. பாவம்னு சொல்லிட்டு சாப்புடப் போயிருவாங்க. அவங்களுக்கும் அதுதான்ணே மரியாத."

மாலையை என் கையில் வைத்தார். அந்த நேரத்தில் அபிராமி தோழிகளோடு மேடைக்கு வந்தாள். கையில் வெள்ளித் தட்டு, சொம்பில் பால். கூரைப்புடவையில் அம்மன் மாதிரி இருந்தாள். என் கையிலிருந்த மாலையைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் அவளையே பார்த்தேன். முதலாம் வகுப்பில் கடித்தாளே, அந்த மாதிரி ஒரு கடி கடிக்க மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். கீழே முன்வரிசையில் நிறைந்து உட்கார்ந்திருந்த பட்டுப்புடவைகளைப் பார்த்தாள்.

"போடுங்க அங்கிள். நேரமாவுது" என்றாள்.

போட்டேன். வேறு யாரோ போட்டார்கள் என்று சொல்லி இந்தக் கதையைப் பூசி மெழுகியிருக்கலாம். நான்தான் போட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என்னை யாரும் கட்டிவைத்திருக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் சங்கடம் வேண்டாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் படங்களுக்கு மாலை மாட்டிய கை, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்றுகூடச் சரிபார்த்தது. அபிராமி கைகூப்பி நின்றாள். படம் எடுக்கிறவர் எங்களைச் சுற்றி வந்து எடுத்துத் தள்ளினார்.

படத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்து, அதில் பாலை ஊற்றினாள். ஓவியத்தில் இருந்த கால்களுக்கு மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தாள். விழுந்து கும்பிட்டபோது நிஜமாகவே விம்மி அழுதாள். முன்வரிசையில் மூக்குச் சிந்தினார்கள். "பெத்தவளுக்குப் பாக்கக் குடுத்து வெக்கல" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள். "எப்ப தவறுனாங்க?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை புஷ்பவல்லி வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் பூட்டைத் திறப்பதற்குள் கேட்டாள்.

"பாத பூஜை நல்லா நடந்துச்சா பாஸ்?"

"ஜம்முனு நடந்துச்சு."

"பால் ஊத்துனாளா?"

"ஊத்துனா. அழுதா. எல்லாரும் அழுதாங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. "பத்து மணிக்குன்னு சொல்லியிருந்தா பாஸ். நானும் குளிச்சு, அதே பட்டக் கட்டி, வீட்டுல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். ரெண்டு காலயும் சேத்து நேரா வெச்சுக்கிட்டேன். பதினோரு மணி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாலை போடலல்ல?"

"சீ, யாரு போடுவா? போடல."

"நான் சொன்னா கேப்பா பாஸ்" என்று சொல்லிக்கொண்டு தடுப்புக்கு உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க உள்ளேயிருந்து அவள் பாடுவது கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இறங்கத்தான் செய்தது. அவள் முகத்தைப் பார்க்க மட்டும் கூசியது.

அபிராமி பாலிக்குப் போய்வந்தாள். வாரம் ஒரு தடவை போன் செய்தாள். பூச்சோங் வீட்டுக்கு எப்போது வரலாம் என்று புஷ்பவல்லி கேட்கும்போதெல்லாம், சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். கல்யாண வீடியோ இன்னும் கைக்கு வரவில்லை என்றாள். புஷ்பவல்லி காத்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்க முறுக்கு சுட்டு டப்பாவில் வைத்திருந்தாள். மூன்றாவது வாரம் அதைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. சட்டத்துக்கு மரம் பார்க்கச் செலாயாங் பக்கம் போய்விட்டு நான் திரும்பும்போது மணி மூன்று. உள்ளே பாட்டு இல்லை. எட்டிப் பார்த்தேன். அவள் வேலையில் இருந்தாள். கடை எண்ணுக்கு வரும் வாட்சப் எல்லாம் அவள் கணினியில்தான் திறக்கும். பெரிய திரையின் ஒரு மூலையில் அந்தச் செய்தி திறந்திருந்தது. சந்திரகலா அனுப்பியிருந்தார்.

'வணக்கம். மருமகள் பாத பூஜை செய்த போட்டோ. ஆயில் பெயின்டிங் மாதிரி செய்து கொடுங்கள். ஹாலில் மாட்ட வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மாலை பளிச்சென்று தெரிய வேண்டும். கீழே "அமரர் அன்னையின் ஆசியோடு" என்று எழுத வேண்டும். புஷ்பவல்லி அம்மாவிடமே வரையக் கொடுங்கள். அந்தக் கை வேறு யாருக்கும் வராது.'

 தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பவில்லை. அழுத மாதிரியும் தெரியவில்லை. அபிராமியின் முகத்தை முடித்திருந்தாள். கண் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. கூரைப்புடவையின் சரிகையை முடித்திருந்தாள். நாற்காலியில் இருக்கும் அம்மாவின் முகத்தை முடித்திருந்தாள். கீழே எழுத்தையும் எழுதிவிட்டாள். அமரர் என்ற சொல்லை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, அழகாக எழுதியிருந்தாள்.

"புஷ்பா" என்றேன்.

"சொல்லுங்க பாஸ்."

 அவள் பேனாவை நகர்த்திப் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கிக்கொண்டே போனாள். மாலையின் மேல்முனையைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஒரு கை திரை முழுவதும் வந்து நின்றது. மோதிர விரலில் பவழ மோதிரம். இருபது வருஷமாக நான் கழற்றாத மோதிரம்.

"இந்த ஓரத்துல ஒரு கை வருது பாஸ்" என்றாள். எந்த வாடிக்கையாளர் படத்துக்கும் என்னைக் கேட்கிற அதே குரல். "எடுத்துடவா, இருக்கட்டுமா?"

என்னை மன்னித்துவிடு என்று அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கை என்னுடையது, அது அப்படியே இருக்கட்டும், அந்த வீட்டு ஹாலில் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

"எடுத்துடு" என்றேன்.

"சரிங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு, முதலில் மோதிரத்தை அழித்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மணிக்கட்டு போனது, சட்டைக் கை போனது. அந்த இடத்தில் மேடைத் திரையின் சிவப்பைத் தீற்றித் தீற்றி நிரப்பினாள். இப்போது பார்க்கிறவர்களுக்கு, அந்த மாலை யாரும் போடாமல் தானாகவே அவள் கழுத்தில் வந்து விழுந்தது போலத்தான் இருக்கும்.